அபியின் அறைக்கு இருபது டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

மழையோடு ஈரப்பனி. வீட்டைச் சூடாக்குகிற பழைய காஸ் ஹைசுங் திரும்பவும் நின்றுவிட்டது. திருத்த வந்தவன் இந்தக் குளிருக்கு மட்டும் எப்படியோ ஓட வைத்துவிட்டுப் போனான். அடுத்த குளிருக்கு ஏலாதாம். பாகம் கிடைப்பதில்லையாம்.

செய்ய வேண்டியவை:
– முதியோர் இல்லத்தில் வியாழன் பின்னேர வேலையை மாற்றிக் கேட்க
– பருப்பு, தூள்
– வெப்பப் பம்ப் அளக்க வருகிறவருக்கு வியாழன் பின்னேரம் டெர்மின், நேரம் குறிக்க

இவர் முடிவெடுத்துவிட்டார். இனிக் காஸ் வேண்டாம். தோட்டத்தில் ஆழத் துளை போட்டு, நிலத்துச் சூட்டை வீட்டுக்கு எடுக்கிற மெஷின்தான். கிழமைக் கணக்காக வீடியோ பார்க்கிறார். சோற்றுக் கோப்பையோடு வந்து, "இஞ்சாரும், கீழ போகப் போக மண் மாரியிலயும் ஒரே சூடப்பா" என்கிறார். இவர் என்னோடு இவ்வளவு பேசிக் கனகாலம். கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பஸ்ஸில் வரும்போது மகள் அபியின் போன். பேர்லினில் நல்ல குளிராம். "அப்பா எப்பிடி?" என்றாள். சுகம் என்றேன். வழமைபோல.

மார்ச் 6, வியாழன்

வந்தது ஒரு பெண்பிள்ளை. நிவேதா. மதுரைப் பக்கம். டார்ம்ஸ்டாட்டில் படித்து அங்கேயே வேலை. அபியின் வயது இருக்கும். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தாள். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

யன்னல் கண்ணாடி, சுவர்த் தடிப்பு, கூரைக்குள் வைத்த பஞ்சு, எல்லாம் பார்த்து அளந்தாள். "ஹீட் லோட்னா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. ரொம்ப குளிரான நாள்ல ஒவ்வொரு ரூமும் எவ்வளவு சூட்டை இழக்குதுன்னு பாக்கறது. அதைக் கூட்டினாதான் மெஷின் சைஸ் தெரியும்."

இவர்: "பெரிசா ஒண்டு போடுங்கோ பிள்ளை. பிறகு காணாது எண்டு வரக்கூடாது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒருவரும் வராவிட்டாலும் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுகிறவள் நான்.

"இல்ல அங்கிள். ரொம்ப பெரிசா போட்டா அடிக்கடி ஆன் ஆகி ஆஃப் ஆகும், சீக்கிரம் தேஞ்சுடும். சின்னதா போட்டா, பத்தாததுக்கு அதுக்குள்ள இருக்கற கரன்ட் ஹீட்டர்தான் ஓடிக்கிட்டே இருக்கும். துளையோட ஆழமும் கரெக்டா இருக்கணும். மண்ணு தர்றதைவிட அதிகமா எடுத்தா, வருஷா வருஷம் மண்ணே குளிர்ந்துகிட்டு போகும்."

பிறகு மேல்மாடி. அபியின் அறை.

இரண்டு வருடமாக அந்த அறையின் ஹைசுங் பூட்டிக் கிடக்கிறது, சூடு இல்லை. மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் வீடு வீடாகக் கொடுத்து முடிந்த பிறகு கல்யாணம் வேண்டாம் என்றாள் அபி. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துச் சொன்னது இவர். அவள் பேர்லினுக்குப் போன அன்று மேலே ஏறிப்போய் ஹைசுங்கைத் திருகிப் பூட்டினார். அதற்குப் பிறகு மகளோடு ஒரு சொல் இல்லை.

இன்று கதவைத் திறந்தால் உள்ளே அரிசி மூட்டைகள். கோயில் அன்னதானத்துக்கு நாங்கள் கொடுக்கிற பெரிய சமையல் கிடாரம். நான் வேலைக்குப் போன நேரம் நிலவறையிலிருந்து காவிக்கொண்டு வந்து அடுக்கியிருக்கிறார். குனிய ஏலாத அந்த நாரிநோவோடு!

"இது சாமான் அறை. கணக்கில எடுக்கத் தேவையில்லை" என்றார்.

நிவேதா மூட்டைகளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ எழுதிக்கொண்டாள்.

சாப்பிடாமல் போக விடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள், பாவம்.

மார்ச் 7, வெள்ளி

வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு அம்மாவின் தேநீருக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன். நல்லாயிருக்கு என்று குடித்தார்.

கோபம். இவர்மேல். அதைவிட என்மேல். பிள்ளையை வீட்டுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். நான் குழம்பு பரிமாறிக்கொண்டு நின்றேன். அந்த அறையை விட்டுவிட்டு மெஷின் வாங்கினால் பிறகு அபி வந்தாலும் குளிருக்குள்தான் படுக்க வேண்டும். வந்தவள் மறுநாளே போய்விடுவாள்.

இடைவேளையில் நிவேதாவுக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, அது சாமான் அறையில்லை. மகளின்ர அறை."

"தெரியும் ஆன்ட்டி. தலகாணிக்கு உறை மாத்தி வச்சிருந்தீங்களே."

உறை மாற்றுவது நான்தான். இவருக்குத் தெரியாமல்.

யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறையைக் கணக்கிலிருந்து விடக் கூடாதாம். "திங்கக்கிழமை நானே வந்து அங்கிள்கிட்ட சொல்றேன்."

மார்ச் 10, திங்கள்

வெயில் இருக்கு, சூடில்லை. நிவேதா சொன்னபடி வந்தாள். எங்கள் படுக்கையறையில், அபியின் அறைப் பக்கத்துச் சுவரில் இவரைக் கை வைக்கச் சொன்னாள்.

"சில்லுனு இருக்கா? அந்த ரூமை ஆஃப் பண்ணினா மிச்சம்னு நினைக்கறீங்க. உங்க ரூம் சூடு இந்தச் சுவர் வழியா அங்கதான் போகுது. இப்பவும் அதை நீங்கதான் சூடாக்கறீங்க அங்கிள், அரைகுறையா."

பிறகு அபியின் அறைக்குப் போய், வெளிச்சுவரோடு நின்ற அலுமாரியை மெல்ல இழுத்தாள். பின்னால் முழுக்கப் பூஞ்சணம். அபி பள்ளிக்கூடத்தில் கீறிக் கொண்டுவந்து அந்தச் சுவரில் ஒட்டிய படத்திலும் கறுப்பு ஏறியிருந்தது. ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் படிவதால் வருவதாம். நெஞ்சுக்குக் கூடாதாம்.

இவர் படத்தை மெதுவாக உரித்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எத்தினை டிகிரி போடவேணும்?"

"இருபது அங்கிள். ஆள் இருக்கற ரூம் மாதிரியே."

"போடுங்கோ."

படியிறங்கும்போது என்னிடம்: "சுவருக்காகத்தான். வேற ஒண்டுக்குமில்லை."

ஓம் என்றேன். சுவருக்காகவே இருக்கட்டும்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

சரியான வெக்கை. தண்ணீர் அலுவலகத்தின் அனுமதி வந்து, இன்று துளை. புல்வெளி போச்சு. சேறு, இரைச்சல். நூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய. பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டி, எண்ணெய் தேடுறீங்களோ என்றாள். கிடைத்தால் பங்கு தருவதாக இவர் சொன்னார். இவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்!

நாள் முழுக்க வெயிலில் நின்றார். ஆழம் நிவேதாவின் கணக்குப்படிதானோ என்று துளை போட வந்த பொடியங்களைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். அபியின் அறையும் சேர்ந்த கணக்கு அது.

போன கிழமை அந்த அறைச் சுவருக்கு மருந்தடித்து வெள்ளை பூசினார். மூட்டைகளும் நிலவறைக்குத் திரும்பிவிட்டன.

நவம்பர் 18, செவ்வாய்

முதல் உறைபனி. பழையதைக் கழற்றியதில் சில நாளாக வீடே குளிர். இன்று புதுசு ஓடத் தொடங்கியது. பெரிய சத்தமில்லை. நிவேதா சொன்னவை, மறக்க முன்னம்:
– கூட்டிக் குறைத்து விளையாட வேண்டாம், ஒரே அளவில் விட
– ஹைசுங் தொட்டால் முந்திமாதிரிச் சுடாது. பயப்படக் கூடாது
– நிலக்குழாயின் அழுத்தம் குறைந்தால் நாங்களாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கிறது உறையாமலிருக்க மருந்து கலந்த தண்ணீர். போன் எடுக்க
– பொரிக்கும்போது யன்னலை முழுக்கத் திறந்து, முடிந்ததும் பூட்ட. நாள் முழுக்கக் கொஞ்சமாகச் சரித்துத் திறந்து விடக் கூடாது. (இது எனக்கு.)

அபியின் அறை கடைசியாகத்தான் ஏறுமாம், மூலையில் இருப்பதால். "அவசரப்பட்டுக் கூட்டிடாதீங்க அங்கிள். யாராவது உள்ள இருந்தாலே இன்னும் கொஞ்சம் ஏறும். நம்ம உடம்பும் ஒரு ஹீட்டர்தான்."

நவம்பர் 20, வியாழன்

இவர் ஒரு சின்னத் தெர்மோமீற்றர் வாங்கி வந்து அபியின் மேசையில் வைத்திருக்கிறார். வேலையால் வந்ததும் ஜாக்கெட்டோடு மேலே. இறங்கி வந்து, "பதினாறு." சாப்பாட்டுக்கு இடையில் எழும்பிப் போய் வந்து, "பதினாறரை." ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு புட்டைக் குழைத்தபடி, "சின்னனில இருந்தே அவளுக்குக் குளிர் ஏலாது" என்றார்.

இரண்டரை வருடத்தில் அவளைப் பற்றி முதல் தரம். குசினிக்குள் போய் அழுதேன்.

நவம்பர் 22, சனி

வெளியில் பனி கொட்டுகிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க அபியின் போன். ஸ்பீக்கரில் போட்டேன், கை ஈரம்.

"அப்பா என்ன செய்யிறார்?"

வழமையான பதில் வாயில் வரவில்லை. "உன்ர அறையில தெர்மோமீற்றரோட நிக்கிறார்."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, "எத்தினையாம்?"

"பத்தொன்பது."

இவர் படியின் நடுவில் நின்றிருக்கிறார். எப்போது இறங்கினார் என்று தெரியாது.

"பத்தொன்பதரை. ஆள் இருந்தா இருபது வருமெண்டு அவளிட்ட சொல்லும்."