பம்பின் வாயை அடைத்த பைகள்

கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு,
மார்ச் 1974

அன்புள்ள எஸ்தருக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீயும் அத்தையும் சுகமா? பாப்பாவின் இருமல் நின்றதா?

நேற்று சுரங்கத்தில் ஒரு சின்ன கலாட்டா, பயந்துவிடாதே. கீழே சாப்பிட்டதும் இலையை ஓரத்துக் கால்வாயில் எறிவது எங்கள் வழக்கம், அது மக்கிப்போகும். இப்போது சோறு பிளாஸ்டிக் பையில் வருகிறது. கையோ பழைய கைதான். பையையும் அங்கேயே எறிகிறது. நேற்று அந்தப் பைகள் சேர்ந்து, ஊற்றுத் தண்ணீரை மேலே இறைக்கும் பம்பின் வாயை அடைத்துவிட்டன. தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. மணி அடித்தும், எங்களை மேலே ஏற்றும் கேஜ் இறங்கவில்லை. பம்புக்காரர் பர்னபாஸ் அண்ணன் மூச்சடக்கி முங்கி, பிடி பிடியாகப் பைகளை உருவினார். "இன்னாய்யா இது, எத்தினி மாசமா கெடக்குதோ, ஒண்ணுகூட மக்கல!" என்று கத்தினார். ஒருவழியாகப் பம்பு இழுத்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

இனி முறுக்கைத் துணியில் கட்டி அனுப்பு. உன் பழைய புடவைத் துண்டு போதும், புதுசு வேண்டாம்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒன்று சொல்ல மறந்தேன். அண்ணன் கடைசியாக உருவியது, கிறிஸ்துமஸுக்கு நீ முறுக்கு அனுப்பிய ரோஜாப்பூ போட்ட பை. பூகூட வெளுக்கவில்லை. கழுவி வைத்திருக்கிறேன்; எங்கே எறிவதென்று தெரியவில்லை.

உன்
தவமணி