வரிசை பார்க்கப் போனவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன், அவள் போனில் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

போன வாரம் இங்கே தேர்தல். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிறாளே, கைக்குழந்தைக்காரி, அவளுக்கு இதுதான் முதல் ஓட்டு. வாடகை வீடு மாறி மாறிப் பட்டியலில் பேர் வந்ததே இல்லையாம், இந்தத் தடவை ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சேர்த்திருந்தாள். புருஷனுக்குக் கிடங்கில் இரட்டை ஷிப்ட், லீவு தரவில்லை. குழந்தைக்கோ காய்ச்சல். அம்மா காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், அதனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மதியம் என்னிடம் வந்து கேட்டாள். நான் பெரிய மனுஷனாக, “அவசரப்படாதம்மா, நான் போய் ஓட்டுப் போட்டுட்டு வரிசை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன், அப்புறம் நீ நிம்மதியா போ” என்றேன்.

போனால் வரிசை முழுக்க என்னைப்போல நரைத்த தலைகள். பட்டறையில் என்னோடு லேத் ஓட்டியவர்களும் இருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறையே இல்லை என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆமாம், இளசு ஒன்றையாவது காணோமே என்று நானும் கை நீட்டிக் காட்டிப் பேசினேன். அப்போதும் இந்த மடையனுக்கு மாடிக்காரி ஞாபகம் வரவில்லை மகளே. வாக்குச்சாவடி கேட்டை இழுத்து மூடிய சத்தத்தில்தான் ஞாபகம் வந்தது.

ஓடி வந்தேன். தலை வாரி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டது. எனக்குப் போன் அடித்திருக்கிறாள், அது பூட்டிய வீட்டுக்குள் சார்ஜில் கிடந்து அடித்திருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை. “விடுங்கப்பா, என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அப்படிப் பேசுகிறவர்களோடு நான் எப்படிச் சண்டை போடுவேன் என்று உனக்குத் தெரியும். அலைந்து திரிந்து பேர் சேர்த்தவளை அப்படிப் பேச வைத்ததே நான்தான். சோறு இறங்கவில்லை, மாடிப்படியில் அவள் காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறேன். உங்களுக்கு வேலையிலிருந்துதான் ஓய்வு, வாய்க்கு இல்லை என்று அம்மா சொன்னது சரி.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடு. உங்கள் ஊரிலும் தேர்தல் வரும். கைக்குழந்தையோடு யாராவது வந்து கேட்டால், குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை முதலில் அனுப்பிவிடு. வரிசை எவ்வளவு நீளம் என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா