குடைத்துணி கவுனும் ஏழாம் வாய்ப்பாடும்

அப்பா,

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் தம்பியின் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். வழவழவென்று ஏதோ கையில் பட்டது. இழுத்துப் பார்த்தால் நீலத் துணி, அதில் வெள்ளைப் பூக்கள். என் குடைத்துணி கவுன். முகத்தருகே கொண்டுபோனேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் தீம் பார்க் குளத்து மருந்துத் தண்ணீரின் வாசனை இருந்தது. கொஞ்சம் ரெக்சின் வாசனையும் இருந்தது. ஆறு வருடமாக அது எப்படிப் போகாமல் இருக்கிறது என்று தெரியவில்லை. ஆதார் அட்டையை மறந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை முதலில் 'நீங்கள்' என்றுதான் தொடங்கினேன். தந்தைக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். இரண்டு வரி எழுதியதும் வேறு யாருடைய அப்பாவுக்கோ எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன். நான் உன்னை ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

தம்பிக்கு இப்போது பத்து வயது. அடி அண்ணாமலையில் நம் வீட்டின் கதவு நிலையில், ஆட்டோவுக்கு அடித்த மஞ்சள் பெயின்ட்டில் நீ போட்ட கோடு இருக்கிறதே, போன வாரம் அவன் தலை அதைத் தொட்டுவிட்டது. தொட்டதும் என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, அப்பா சொன்னாரு இல்ல?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நீ சொன்னது எனக்கும் நினைவிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அதே தீம் பார்க்கில் நான் சொன்னதும் நினைவிருந்தது. அதை உன்னிடம் பேசித் தீர்க்காமல் அவனை அங்கே கூட்டிப்போக என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா இறந்தபோது தம்பிக்கு ஒரு வயது. அவன் நாலு வயது வரை உன் ஆட்டோவின் முன்சீட்டில்தான் வளர்ந்தான். துண்டால் அவனை உன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சவாரி போவாய். நான் பள்ளிவிட்டு வந்து பின்சீட்டில் புத்தகத்தோடு ஏறிக்கொள்வேன். சவாரி வந்தால் ஓரமாக நகர்வேன். கிரிவலப் பாதையின் மேடு பள்ளம் எல்லாம் படிக்கிற வரி குதிப்பதை வைத்தே எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு நாள், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நீ ஆசிரமத்தில் இறக்கிவிட்டாய். அவர்களுடைய பிள்ளைகளின் கையில் சிவப்புக் காகித வளையம் இருந்தது. "அது இன்னா?" என்று தம்பி கேட்டான். தீம் பார்க் போனோம், தண்ணீரில் சறுக்கினோம், ராட்டினம் வானம் வரை போனது என்று அந்தப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அவர்கள் இறங்கிப் போனதும், "நம்மளும் போலாமா?" என்று உன் சட்டையை இழுத்தான். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். நான் புத்தகத்தைப் பார்ப்பது போல நடித்தேன். எனக்கும் ஆசை என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ!

"போலாம்டா. அப்பா விசாரிக்கிறேன்" என்றாய்.

நீ விசாரித்த விதம் இருக்கிறதே! அன்றிலிருந்து ஆட்டோவில் ஏறுகிற ஒருவரையும் நீ விடவில்லை. "எந்த ஊருங்க? சென்னையா? அந்தத் தீம் பார்க் போயிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பாய். சாமி கும்பிடப் போகிற மனிதர்கள் ராட்டினத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு லாட்ஜ் கார்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, செவ்வாய் கம்மி. உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் மட்டும்தான். இப்படி வரிசையாக எழுதி, கடைசியில் ஒன்றை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாய்: 'பாப்பா துணி மாத்தற எடம்?'

அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தப் பயணியிடமும் பதில் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் இரண்டு பேராகப் போனவர்கள். அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள், அப்பா பையனைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் போவார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல உன்னைப் பார்த்தார்கள்.

அத்தையிடம் போய் நின்றாய். உன் அக்காதானே, திட்டிவிட்டாவது வருவாள் என்று நினைத்தாய்.

"ஒத்த ஆம்பள ரெண்டு பசங்கள இட்டுக்கினு தண்ணில எறங்கப் போறியா? பொண்ணுக்கு யார்ரா துணி மாத்துவா?"

"அதுக்குத்தான் உன்ன கூப்புடறேன்க்கா."

"நானா? செங்கம் போறதுக்குள்ளயே பஸ்ல எனக்கு வாந்தி வரும். என்ன இட்டுக்கினு போனா அங்க நீ மூணு பேருக்குத் துணி மாத்தணும்."

ஒரு வெள்ளைக்கார அம்மாவை நினைவிருக்கிறதா? ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இரண்டு குழந்தைகளோடு தனியாக இருந்தார். பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறார் என்று அவரிடம் கையால் ஜாடை காட்டியே கேட்டாய். அவர் தன் மகனின் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பேனாவால் அவருடைய போன் நம்பர் எழுதியிருந்தது. "பாத்தியா பாப்பா, அவங்களும் தனியாத்தான் சமாளிக்கிறாங்க" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். அன்று உனக்குப் பெரிய துணை கிடைத்தது போல இருந்தது.

துணி விஷயத்தில்தான் நீ ஒரு வேலை செய்தாய். நீச்சல் உடை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று எந்தப் புண்ணியவானும் உன்னிடம் சொல்லவில்லை. நைலானுக்கு எங்கே போவது என்று யோசித்தாய். புதுக் குடை ஒன்று வாங்கி, கம்பியைக் கழற்றிவிட்டு, துணியை ஆட்டோ சீட்டு தைக்கிற மாமாவிடம் கொடுத்தாய். "குழந்தைக்குக் கவுனா? நான் சீட்டு தைக்கிறவன்யா" என்று அவர் சிரித்தார். "சீட்டு கிழியாது இல்ல? அதே மாதிரி தைங்க" என்றாய். அப்படியேதான் தைத்தார். சீட்டுக்குப் போடுகிற தடித்த கறுப்பு நூல், ஆட்டோ திரைக்கு வைக்கிற அழுத்துப் பொத்தான்கள். போட்டுக்கொண்டு நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். "சூப்பரா இருக்கு பாப்பா" என்றாய். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

மாற்றுகிற இடத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்வரை ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் வருகிறவரை நான் நன்றாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். "கொரல் மட்டும் நிக்கக் கூடாது பாப்பா. மீதிய நான் பாத்துக்கிறேன்." இதற்காக ஒரு வாரம் வீட்டுக் குளியலறையில் பயிற்சி நடந்தது. நான் உள்ளே "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று கத்துவேன். நீ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பாய். அவனும் சேர்ந்து கத்துவான். பக்கத்து வீட்டில் என்னை ரொம்பப் படிக்கிற பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள்.

சித்திரைப் பௌர்ணமி சவாரியெல்லாம் முடிந்து, ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். எங்கள் கைகளில் உன் போன் நம்பரைப் பேனாவால் எழுதினாய். முதல் குளத்திலேயே அது அழிந்துபோனது.

குளத்து வாசலில் காவலாளி என் கவுனைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னா துணி?"

"நைலான்தான் சார்."

"எங்க வாங்குனீங்க?"

"வாங்கல சார், தெச்சது. எங்க ஊர்ல சீட்டு தெக்கிறவரு."

அவர் குனிந்து பொத்தானைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார். அலைக்குளத்தில் இறங்கியதும் கவுன் காற்றடைத்து என்னைச் சுற்றி மேலே எழும்பியது. நான் குடைக்கு நடுவில் குடைக்கம்பி போல நின்றேன். நீ தண்ணீரிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெரிய சறுக்கலின் வாசலில் உயரப் பலகை இருந்தது. தம்பி அதன் கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தான். தரையில் உட்கார்ந்து அழுதான். அவனை விட்டுவிட்டு நாம் இருவரும் ஏற முடியாது. நான் தனியாக ஏற நீ விடமாட்டாய். நீ பலகையோடு ஒட்டி நின்றாய். கோடு உன் நைலான் சட்டையின் மேலிருந்து இரண்டாவது பொத்தானுக்கு வந்தது. "பாத்துக்கடா, இந்தப் பொத்தான். நம்ம வூட்டுல இதே அளவுக்குக் கோடு போடறேன். நீ அதத் தொட்ட அன்னிக்குத் திரும்ப வரோம்" என்றாய். அவன் அழுகையை நிறுத்திவிட்டு உன் பொத்தானை எண்ணிப் பார்த்தான்.

இனிதான் நான் சொல்ல வேண்டியது.

மத்தியானம் துணி மாற்ற உள்ளே போனேன். ஈரமான தரை, வரிசையாகக் கதவுகள், நிறையப் பேர். தாழ் போட்டுவிட்டு "ஓரேழு ஏழு" என்று தொடங்கினேன். மூவேழு இருபத்தொன்று வரை சொல்லியிருப்பேன். வெளியே ஒரு பெரிய பெண்ணின் குரல் கேட்டது. "யாருடி அது, பாத்ரூம்ல டியூஷன் நடத்தறது?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "வெளிய பாத்தேன்டி, குடைய சுத்திக்கினு வந்துதே, அந்தப் பொண்ணுதான்" என்றாள். அதுவரை எனக்கு அழகாக இருந்த கவுன் அந்த நிமிடம் அசிங்கமாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொத்தான்கள் ஈரத்தில் இறுகிப்போயிருந்தன. கழற்ற நேரமானது. சத்தம் வராவிட்டால் நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும் அப்பா. தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

"பாப்பா?" என்று மெதுவாகத்தான் முதலில் கூப்பிட்டாய். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாய். பிறகு, "பாப்பா! நாலேழு எவ்ளோ? சொல்லு பாப்பா, நாலேழு!"

"யோவ், லேடீஸ் ரூம்யா இது. அறிவில்ல?"

"எம்பொண்ணு உள்ள இருக்குதும்மா. சத்தம் வரலம்மா. வேற யாரும் இல்லம்மா கூட."

அப்போதும் நான் சொல்லவில்லை. என் அப்பா இல்லை என்பது போல, எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். கடைசியில் ஒரு அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். "ஏழாம் வாய்ப்பாடு யாரும்மா? உங்கப்பா வெளிய அழுவறாரு" என்றார்.

வெளியே வந்தேன். தம்பி உன் இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தான். உன் முகம் முழுக்க ஈரம். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. என் தலையைத் தொட்டாய், கையைத் தொட்டாய், "இருபத்தெட்டு பாப்பா" என்று மட்டும் சொன்னாய். மறந்துபோனதால்தான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாய்.

நான் சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே உன்கூட நான் எங்கயும் வரமாட்டேன்" என்றேன். அவர்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

நீ கவுனைப் பிழிந்து பையில் வைத்தாய்.

சொன்ன சொல்லை மாற்றாமல் மறுநாளே கதவு நிலையில் கோடு போட்டாய். அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும், "பாப்பா, இந்த வாட்டி எங்கனா போலாமா?" என்று ஆட்டோ கண்ணாடியில் பார்த்தபடி கேட்டாய். "பரீட்சைக்குப் படிக்கணும்" என்றேன். மே மாதத்தில் என்ன பரீட்சை என்று நீ கேட்கவே இல்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய். ஒன்றரை வருடத்துக்கு முன் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிவந்தபோது அந்த லாட்ஜ் கார்டு உன் சட்டைப்பையில் இருந்தது, மடிப்பு கிழிந்துபோய். அதில் கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தாய்: 'பாப்பா பெரிசாயிட்டா. இனி கவலையில்ல.'

அதைப் படித்தபோது நான் பெரியவளாகவே இல்லை அப்பா.

வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம். பௌர்ணமி கழித்து மூன்றாம் நாள். நீ விசாரித்தது போலவே நானும் எல்லோரையும் விசாரித்தேன். அத்தை வருகிறாள். ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டால் வாந்தி வராதாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே, "அன்னிக்கே போயிருக்கணும்டி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையோடு கரையில் உட்கார்ந்துகொள்வாளாம். தண்ணீரில் இறங்குவதும், சறுக்கலில் தம்பியோடு ஏறுவதும் நான்.

அவனுக்கும் இப்போது ஆண்கள் அறை. அங்கே நான் போக முடியாது, அத்தையும் போக முடியாது. நேற்றிலிருந்து வீட்டுக் குளியலறையில் பயிற்சி நடக்கிறது. அவன் உள்ளே வாய்ப்பாடு சொல்கிறான். நான் வெளியே, நீ நின்ற அதே இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

இன்று சாயங்காலம் மூவேழு இருபத்தொன்றோடு அவன் குரல் நின்றுவிட்டது. இரண்டு நொடிதான் இருக்கும். வீட்டுக் குளியலறைதான், உள்ளே யாருமில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் "டேய், நாலேழு? நாலேழு எவ்ளோடா?" என்று கத்தியே விட்டேன்.

"இருபத்தெட்டுக்கா! சோப்பு எடுத்துனு இருந்தேன். எதுக்கு இப்படி கத்தற? பக்கத்து வூட்டுல சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும். நீ நிறுத்தாத" என்றேன்.

அவன் "ஐயேழு முப்பத்தஞ்சு" என்று தொடர்ந்தான். நான் கதவில் கை வைத்தபடி பத்தேழு எழுபது வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.