கேட்டில் கழற்றிய வாட்ச்

மச்சான்,

நீ கொடுத்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்து புதுசு வாங்கிய அன்று பழையதை என் கையில் கட்டிவிட்டாய். அதன்பிறகு இரண்டு முறை பட்டை மாற்றினேன். வியர்வை உப்பு ஏறி பட்டன் இறுகினால் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன். சார்ஜ் முன்போல் நிற்பதில்லை. உயரம் காட்டும் வசதி மட்டும் வீண். மேனாம்பேட்டிலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஓடியே போகிறவனுக்கு ஏற மேம்பாலம்தான் இருக்கிறது.

போன வாரம் நம் கம்பெனியில் யாரோ ஓர் இன்ஜினியரின் வாட்ச் காணாமல் போனதாம். திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார்.

“இன்னாடா, காண்ட்ராக்ட் ஆளு கையில இம்மாம் பெரிய வாட்ச்சு? எங்க சுட்ட?”

“ஃப்ரெண்டு குட்த்தான் அண்ணாத்தே.”

“யாரு உன் ஃப்ரெண்டு, கம்பெனி ஓனரா?”

வரிசையே சிரித்தது. நீ பக்கத்து ஸ்டாஃப் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாய். உன் வாட்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். உன்னோடு மேனேஜர் இருந்தார், எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் கோபம் வருகிறது.

வாட்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. நீ ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போகாது. கெஞ்ச மாட்டேன். யார் கொடுத்தது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். இல்லை என்று சொல்வதானால் அங்கே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன்னோடு ஏரிக்கரையில் ஓடியவன்