குரல் ஏதும் இல்லை

மான்செஸ்டர்
14.10.1957

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் இன்னும் பாதி இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டுதான் இந்த ஊர் உருளைக்கிழங்கை விழுங்குகிறேன்.

வகுப்பில் பதினெட்டுப் பேர், எல்லோரும் ஏற்கெனவே ஆசிரியர்கள். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓராண்டு டிப்ளோமா. காதின் அமைப்பு, பேச்சொலி, உதட்டசைவைப் படிப்பது என்று நாள் முழுக்கப் பாடம். அதோடு ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் நம் மல்லிகாவைப் பற்றி எழுதப்போகிறேன். ஆறு வயதில் தொடங்குவதே தாமதம் என்கிறார் பேராசிரியர்.

தினமும் கால்மணி நேரம் அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, அவள் கையை உங்கள் தொண்டையில் வைத்து 'அம்மா' என்று சொல்லுங்கள். பிறகு அதே கையை அவள் தொண்டையில் வையுங்கள். சைகை மட்டும் வேண்டாம். சைகை இருந்தால் பேச்சு வராது என்கிறார்கள் இங்கே. நடப்பதை மறக்காமல் எழுதுங்கள். கட்டுரைக்கு அதுதான் ஆதாரம்.

உங்கள்
சந்திரமதி


காஜா பெராங், மலாக்கா
6.11.1957

அன்புள்ள சந்திரமதிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் என்பது அவருக்கு மறந்துபோகிறது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் ஊறி இன்னும் ரோட்டில் தொங்குகின்றன.

நீ சொன்னபடி செய்கிறேன். என் தொண்டையைத் தொட்டுவிட்டுச் சிரிக்கிறாள். குரல் ஏதும் இல்லை. சைகை வேண்டாம் என்கிறாய். பசியையும் வயிற்று வலியையும் அவள் கையால்தான் என்னிடம் சொல்கிறாள். அந்தக் கையை நான் எப்படிப் பிடித்து வைப்பேன்?

உன் நீலக் கடிதத்தைப் பார்த்ததும் கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போடுகிறாள். உன் மூக்குக்கண்ணாடியாம். அன்று முழுக்க என்னிடம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கோகிலா, "உங்க நாத்தனார் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கு யாருலா இருக்கா?" என்றாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அஞ்சலை


மான்செஸ்டர்
20.1.1958

அன்புள்ள அண்ணிக்கு,

பனியில் நின்று எடுத்த போட்டோ அனுப்பியிருக்கிறேன். மல்லிகாவுக்குக் காட்டுங்கள்.

கட்டுரையின் முதல் பகுதியைப் பேராசிரியர் வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இப்போது என்னை 'மல்லிகாவின் மிஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். பயிற்சியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
சந்திரமதி


காஜா பெராங்
12.2.1958

சந்திரமதிக்கு,

போட்டோ வந்தது. உன் அண்ணன் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். "தங்கச்சி எழுதினபடி செய்யேன், அவ படிச்சவ" என்று தினம் எனக்குச் சொல்கிறார்.

மல்லிகாவின் மிஸ் என்று கூப்பிடுகிறார்களா? சந்தோஷம். காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தாள். அது உன் கட்டுரையில் வராது.

குரல் ஏதும் இல்லை.

அஞ்சலை


காஜா பெராங்
15.4.1958

சந்திரமதிக்கு,

தினமும் செய்கிறேன். குரல் ஏதும் இல்லை. எல்லோரும் நலம்.

அஞ்சலை


மான்செஸ்டர்
19.5.1958

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். இத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகும் குரல் எழாத பிள்ளைக்குப் பேச்சு வராது என்று அதில் முடித்திருக்கிறேன். அப்படித்தான் முடிக்க முடிந்தது.

பினாங்கில் உள்ள பள்ளியில் எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. வரும் ஜனவரியில் எட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பெயர் கொடுக்கச் சொல்லி என்னையும் கேட்டார்கள். என் கையாலேயே அப்படி எழுதிவிட்டு மல்லிகாவின் பெயரை எப்படிக் கொடுப்பேன்? கொடுக்கவில்லை. ஜூன் கடைசியில் பட்டியலை முடித்துவிடுவார்கள்.

நீங்கள் சரியாகச் செய்யவில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

உங்கள்
சந்திரமதி


காஜா பெராங்
30.5.1958

சந்திரமதிக்கு,

இந்தக் கடிதத்தை நானே பிரித்தேன். உன் அண்ணனிடம் இன்னும் காட்டவில்லை.

நான் எழுதியது பொய். உன் போட்டோ வந்ததிலிருந்து உன் அண்ணன் அதைக் காட்டி 'அத்தை, அத்தை' என்று அவளிடம் வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வேலைக்குப் போன பிறகு அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு எழுந்து போய், போட்டோவைப் பார்த்து, தன் தொண்டையில் கை வைத்து 'அத்த' என்றாள். தெளிவில்லைதான். ஆனால் சொல்தான், சந்திரமதி.

மூன்று மாதமாய் நான் தொண்டை வற்றச் சொன்னது 'அம்மா'. வந்தது நீ.

நான் அவள் வாயைப் பொத்தினேன். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து உனக்குக் குரல் இல்லை என்று எழுதினேன். எழுதினபோது மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பங்குனியில் 'ம்மா' என்றும் சொன்னாள். உன் அண்ணன் கேட்டுவிட்டு என்னவென்றார். சும்மா முனகுகிறாள் என்றேன். அதை எழுதினால் முதலில் மறைத்ததும் வெளியே வந்துவிடுமே.

அவள் பெயரைக் கொடு. உன்னோடேயே தங்கட்டும். அங்கே வந்தால் என்னைத் தேடமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும்.

அஞ்சலை


மான்செஸ்டர்
12.6.1958

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டுரையைத் திருப்பி வாங்கிவிட்டேன். மறுபடி எழுதி முடிக்க செப்டம்பர் ஆகும். மற்றவர்களோடு எனக்கு டிப்ளோமா கிடைக்காது. பினாங்குக்குத் தந்தி கொடுத்தேன். மல்லிகாவுக்கு இடம் உண்டு என்று பதில் வந்துவிட்டது.

என் கோபம் தீரவில்லை. அவள் வாயைப் பொத்தினீர்கள் என்று படித்த இடத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் பிடித்தது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி கொடுத்தவர் யார் என்று கட்டுரையில் ஒரு கேள்வி உண்டு. அங்கே நான் என் பெயரைப் போட்டிருந்தேன், கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு. அவள் எனக்குப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாள் இல்லை, அண்ணி. கட்டுரையில் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

மல்லிகா என்னோடு தங்க வேண்டாம். பள்ளி விடுதியில் இருக்கட்டும். விடுமுறைக்கு உங்களிடம் வருவாள். சேர்க்கும் நாளில் நீங்களே கூட்டி வாருங்கள்.

அதற்குள் அவளுக்கு 'டீச்சர்' என்ற சொல்லைப் பழக்கி வையுங்கள். அங்கே அவள் என்னை அப்படியே கூப்பிடட்டும்.

சந்திரமதி