வெள்ளைக் கோட்டு இல்லாத வீடு

வால்மோரா,
4 அக்டோபர் 1979

அன்புத் தம்பி துவீலியோவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கடிதம். கையெழுத்து உன்னுடையதுதான், சொல் யாருடையது என்றுதான் எனக்குச் சந்தேகம். பக்கத்தில் நின்று யாராவது சொல்லச் சொல்ல எழுதினாயா?

மனநோய் ஆஸ்பத்திரியை மூடப் போகிறார்களாம். உங்களையெல்லாம் ஊர் ஊராக வீடு பார்த்துக் குடிவைக்கிறார்களாம். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள், நீயும் அதற்கு வரப்போகிறாய், கடிதத்தோடு வைத்திருக்கும் சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது. இத்தனை வருஷம் பூட்டி வைத்தவர்களுக்குத் திடீரென்று என்ன பாசம்? பக்கத்து வீட்டு யோலாண்டா கேட்கிறாள்: "நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரி டாக்டரா வந்து நிப்பாரு?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான் இல்லை. நேரில் வந்து டாக்டரை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறு வேலை.

உன் அக்கா,
நீவெஸ்


11 அக்டோபர்

அன்பு அக்காவுக்கு,

சொல்லும் என்னுடையதுதான். படித்துப் பார்க்கட்டுமா என்று டாக்டர் ஃபெருச்சோ கேட்டார். மாட்டேன் என்றுவிட்டேன்.

உன் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். வார்டு கதவை முதன்முதலில் திறந்துவிட்டபோது நான் மூன்று நாள் வெளியே போகவில்லை. வெளியே கால் வைத்தால் பிடித்துக் கட்டுவார்கள், அதற்குத்தான் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வெளியே, இந்த ஊருக்குள் ஒரு மாடிவீட்டில் நாலு பேர் இருக்கிறோம். டாக்டரும் நர்ஸும் வந்து போகிறார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வா. காத்திருப்பேன்.

துவீலியோ


வால்மோரா,
19 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

வந்தேன். உன்னைக் கூப்பிடச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

உன்னோடு இருக்கிறவர்களைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செருப்புக்காலோடு ஒரு தாடிக்காரன், பாத்திரம் கழுவிக்கொண்டே தொண்டை கிழியப் பாடுகிறான். "வாங்கம்மா வாங்க! யாரைக் கடிக்க வந்திருக்கீங்க?" என்று என்னையே கேட்டுச் சிரித்தான். பிறகு ஈரக்கையை உதறிக்கொண்டு தெருவில் ஓடினான். இப்படிப்பட்டவனை அவிழ்த்து விட்டிருக்கிறார்களே!

நல்லவேளை, டாக்டர் இருந்தார். சாம்பல் நிறச் சட்டை, டை, அதிர்ந்து பேசாத மனிதர். அவர் முகத்துக்காகத்தான் உட்கார்ந்தேன். உன் நன்மைக்கு என்ன தேவையோ அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டினார். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் அவர் சொல்வார்.

அன்புடன்,
நீவெஸ்


27 அக்டோபர்

அக்காவுக்கு,

அந்தத் தாடிக்காரர்தான் டாக்டர் ஃபெருச்சோ. அன்று பாத்திரம் கழுவுவது அவர் முறை. தெருவில் ஓடியது உனக்குக் காப்பித்தூள் வாங்கத்தான். இங்கே யாரும் வெள்ளைக் கோட்டுப் போடுவதில்லை. அதை முன்பே எழுதியிருக்க வேண்டும், என் தப்புதான்.

டை கட்டியிருந்தது நான். அக்கா வருகிறாள் என்று டாக்டரிடம் இரவல் வாங்கிக் கட்டினேன்.

பல் போய்விட்டது, முடி போய்விட்டது, உனக்கு அடையாளம் தெரியாததில் கோபமில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ, "டாக்டர் ஐயா, அவன வெளிய விட்ராதீங்க. செத்துப்போயிட்டான்னுதான் எம் பொண்ணுங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். செத்தவன் எப்படிப் பேசுவான்? தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே குடிவரச் சட்டப்படி யார் கையெழுத்தும் தேவையில்லை. அந்தச் சம்மதத் தாளை யாரும் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். நீ ஒரு தடவை "வா" என்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

டிசம்பர் முதல் தேதி வருகிறேன். பயப்படாதே. தெருவில் உன் பெண்களோடு நீ எதிரே வந்தால் பேசாமல் ஒதுங்கிப் போய்விடுவேன். தனியாக வந்தால், அக்கா என்று கூப்பிடுவேன்.

துவீலியோ