பிளோய்க்கு நான் தெரிவு செய்த பள்ளிக்கூடம்

வசந்தா, என் தம்பி,

நீ போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினாலும் நீ வாசிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்த விஷயத்தைச் சொல்ல வேறு ஆளில்லை. உன் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்களை ஆர் அப்பிடி வாக்குக் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு இடியப்ப உரலைத் தேடப் போய்விட்டாள்.

நாங்கள் இன்னும் அதே ஹவுன்ஸ்லோ வீட்டில்தான் இருக்கிறோம். மகள் அபி வேலைக்குப் போகிறாள். எனக்கு முழங்கால் பழுது. ஹீத்ரோவில் பெட்டி ஏற்றுகிற வேலையில் இருந்தவனை, குனிந்து நிமிர ஏலாது என்று கண்டு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். பாங்கொக் போகிற பெட்டிகளை நாள்தோறும் பார்க்கிறேன். எவன் எவனுடைய பெட்டியோ எல்லாம் நீ இருந்த ஊருக்குப் போகிறது. நான் இரண்டு தரம்தான் வந்தேன். அதில் ஒன்று உன் செத்தவீடு.

அந்தச் செத்தவீட்டில்தான் எல்லாம் தொடங்கியது. லண்டனுக்கென்று புறப்பட்டு, பாங்கொக்கில் அகப்பட்டு, அங்கேயே தாய்லாந்துக்காரி மாலியைக் கட்டி, பிளோயையும் பெற்று, ஒரு காலை மாரடைப்பில் நீ போய்விட்டாய். புத்த கோயிலில் பிக்குமார் ஓதுகிறார்கள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிளோய் உன் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறாள். மாலி அழாமல் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். மாலியின் கையைப் பிடித்து, "இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் இருக்கிறன். எந்த முடிவெண்டாலும் என்னைக் கேளுங்கோ" என்று சொன்னேன்.

உனக்குத் தெரியும்தானே, எங்கள் செத்தவீடுகளில் குறைந்தது பத்துப் பேராவது இதைச் சொல்லுவார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடும். பொய்யென்று இல்லை. அந்த நேரத்துக்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். ஆனால் மாலிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? நீயாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் உண்மையாகவே கேட்கத் தொடங்கினாள். நீ என்னைக் கூப்பிட்டபடியே அவளும் 'அண்ணை' என்று கூப்பிட்டு, உன்னிடம் பழகிய தமிழில் கேட்பாள். உன் மோட்டார் சைக்கிளை விற்கலாமா? பிளோயைப் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அனுப்பலாமா? பிளோய் தலைமயிரைக் கட்டையாக வெட்டலாமா? நானும் பதில் சொல்லுவேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. லண்டனில் என்னை யார் என்ன கேட்கிறார்கள்? வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்கூட என் கையில் இல்லை.

இந்த வருடம் மாசி மாதம் மாலி அழைத்தாள். "அண்ணை, பிளோய் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறா. அடுத்த பள்ளிக்கூடம். நீங்க சொல்லுங்கோ" என்றாள். தாய்லாந்தில் ஒன்பதாம் வகுப்போடு பிள்ளைகள் ஒரு முடிவு எடுக்கவேண்டும். ஒன்று, பள்ளிக்கூடத்திலேயே மேல்வகுப்புக்குப் போய், விஞ்ஞானம் கணிதமோ மொழிகளோ படிக்கலாம். அல்லது தொழிற்கல்லூரிக்குப் போய் மூன்று வருடம் ஒரு தொழில் பழகலாம். உனக்கு இது தெரிந்திருக்கும். நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பிளோயைக் கேட்டேன். இல்லை, கேட்டேன் என்று சொல்வது சரியில்லை. அவளாகச் சொன்னாள். "பெரியப்பா, எனக்குத் தொழிற்கல்லூரி விருப்பம். ஏசி, பிரிட்ஜ் திருத்திற படிப்பு."

"ஏன் பிள்ளை ஏசி?"

"இஞ்ச சரியான வெக்கை பெரியப்பா. ஏசி நிண்டா பெரிய ஆக்களும் அழுவினம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். தன் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயத்தை அந்தப் பிள்ளை சொல்லுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நான் யோசித்த அழகைக் கேள். அடுத்த ஞாயிறு உன் திவசம். வாழைக்காய், பயற்றங்காய், வடை, பாயாசம் எல்லாம் உனக்குப் படைத்துவிட்டு, சாப்பிட்டு முடிகிற நேரம் நான் பிளோயை வீடியோவில் அழைத்து, வந்திருந்த சொந்தக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். போன் கை மாறத் தொடங்கியது. கோலியர்ஸ் வுட் மாமி வாங்கி, "பெட்டைப்பிள்ளை ஏணியில ஏறி ஏசி பூட்டுறதோ? நல்லாயிருக்கு!" என்றா. ஈஸ்ட் ஹாமில் இருந்து வந்த செல்வம் அண்ணை பறித்து, "சயன்ஸ் செய் பிள்ளை. சயன்ஸ் செய்தால் பிறகு எந்தப் பக்கமும் போகலாம்" என்றார். அவருடைய மூன்று பிள்ளைகளும் சயன்ஸ் செய்து ஒருவரும் எந்தப் பக்கமும் போகவில்லை, அது வேறு கதை. ஒவ்வொருவருக்கும் பிளோய், "ஓம் மாமி", "ஓம் மாமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சந்தோசத்தோடு, "வசந்தன் எங்கடை தமிழை வடிவாப் பழக்கியிருக்கிறான்" என்று உன்னைப் புகழ்ந்தார்கள்.

போன் என்னிடம் திரும்பி வந்தபோது திரையில் பாயாசம் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, "அப்ப பிள்ளை, சயன்ஸ் மற்ஸ் எண்டே எழுதிக் குடுங்கோ" என்றேன்.

"ஓம் பெரியப்பா."

அவ்வளவுதான். நான் இன்னொரு கப் பாயாசம் குடித்தேன்.

என்னை நியாயப்படுத்த ஒன்று மட்டும் சொல்ல விடு. அபி பதினாறு வயதில் சயன்ஸ் படிக்கமாட்டேன், டிசைன்தான் படிப்பேன் என்று என்னோடு ஒரு மாதம் சண்டை பிடித்தவள். கதவை அடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் தான் நினைத்ததைப் படித்தாள். எங்கள் வீட்டில் நான் ஒன்று சொன்னால் அங்கிருந்துதான் பேச்சுத் தொடங்கும். பிளோய்க்கும் அவ்வளவு விருப்பம் இருந்தால் சண்டை பிடிப்பாள்தானே என்று நினைத்தேன். மாலியின் வீட்டில் மூத்தவன் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னது? நானும்தான் யாரிடம் கேட்டேன்?

ஆனி மாதம் ஒரு நாள் அபி சாப்பாட்டு மேசையில் தன் போனை என் முன்னால் வைத்தாள். அவளும் பிளோயும் இங்கிலிஷில் எழுதிக்கொள்வார்களாம். "அப்பா, அவ அந்தக் கொலிஜுக்கு ஓல்ரெடி செலக்ட் ஆனவ. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. தொழிற்கல்லூரியில் முன்கூட்டியே பிள்ளைகளைத் தெரிவு செய்வார்களாம். பிளோய் தை மாதமே நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றிப் பூட்டச் சொன்னார்களாம். செய்துகாட்டியிருக்கிறாள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. அபி ஒரு படம் காட்டினாள். வேலைப்பட்டறைக்குப் போடுகிற கடும்நீலச் சட்டை, நெஞ்சில் பிளோயின் பெயர் தைத்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் முகத்தில் கண்டதில்லை. சட்டையை வாங்கிக் கொடுத்தது மாலி.

உனக்கு விளங்குகிறதா தம்பி? அவர்கள் முடிவு எடுத்துவிட்டார்கள். மூத்தவனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்குவோம் என்றுதான் மாலி அழைத்திருக்கிறாள். ஆசீர்வாதம் கேட்டு வந்தவளுக்கு நான் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உடனே மாலியைப் போனில் எடுத்தேன். "ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"அண்ணை சொல்லீட்டீங்கள். பிறகு நான் என்ன சொல்லுறது?"

"அந்தச் சட்டை?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். பெயரைப் பிரிச்சுப்போட்டு."

அன்று வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது.

இந்த வருடம் அந்த இடம் போய்விட்டது. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம், தன்னிலும் இளைய பிள்ளைகளோடு முதலிலிருந்து தொடங்கலாம். சரி, பிழையைத் திருத்துவோம் என்று பிளோயை அழைத்தேன்.

"பிள்ளை, விருப்பமெண்டால் அடுத்த வருசம் கொலிஜுக்குப் போங்கோ."

"சரி பெரியப்பா. போறன்."

"இல்லையம்மா, உங்களுக்கு விருப்பமெண்டால்தான்."

"ஓம் பெரியப்பா."

"அல்லது சயன்ஸிலயே இருக்க விருப்பமோ?"

"இருக்கிறன் பெரியப்பா."

நான் எதைச் சொன்னாலும் அது உத்தரவாகிவிடுகிறது. தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது? சரி, விலகிவிடுவோம் என்று நினைத்தேன். மாலியிடம், "இனி நீங்களே முடிவெடுங்கோ. என்னை ஒண்டும் கேக்காதேங்கோ" என்று சொன்னேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். உன் செத்தவீட்டில் அழாதவள், வசந்தா. "எங்களில கோவமோ அண்ணை? எங்களை விட்டிட்டீங்களோ? நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?"

இல்லை, இல்லை என்று நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. பதினோராம் நாள் ஒரு படம் வந்தது. பிளோயின் பௌதிகப் பரீட்சைத் தாள். நல்ல புள்ளி. கீழே மாலி எழுதியிருந்தாள்: "பிளோய் நல்லாப் படிக்கிறா. கோவிக்காதேங்கோ அண்ணை."

அவள் தோற்றிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். பிள்ளைக்கு இது ஏலாது, மாற்றுங்கோ என்று சொல்லியிருப்பேன். அவள் வெல்லுகிறாள். என் கோபத்தைத் தணிக்க, இல்லாத என் கோபத்தைத் தணிக்க, விருப்பமில்லாத பாடத்தை அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறது. நான் முடிவு எடுத்தால் அவள் வாழ்க்கை என் கையில் பழுதாகிறது. எடுக்காவிட்டால் அவர்களைக் கைவிட்டவன் ஆகிறேன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? ஒருவேளை இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கிறதோ?

போன ஞாயிறு பிளோய் தானாக அழைத்தாள். தாயில்லாமல், தனியாக. அப்படி அவள் எடுத்தது முதல் தரம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியப்பா, என்ரை வயசில அப்பா என்ன படிக்க விரும்பினவர்?"

"மற்ஸ்" என்று வாய்வரை வந்துவிட்டது. நீ கணிதப் பிரிவில்தானே படித்தாய். சொல்லப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற படிவத்தை நீ கொண்டுவந்த நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் ஐயா அப்போது கொழும்பில். வீட்டில் மூத்தவன் நான். படிவத்தை வாங்கி, பேனையை எடுத்து, கணிதம் என்று நானே நிரப்பினேன். நீ பக்கத்தில் நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்க, "ஓம் அண்ணை" என்றாய்.

பிறகு இரண்டு தரம் பரீட்சை எடுத்தாய், இரண்டு தரமும் தேறவில்லை. நாங்கள் எல்லாரும் ஷெல்லடியையும் இடப்பெயர்வையும் குற்றம் சொன்னோம். அவையும் இருந்தன, இல்லையென்று இல்லை. மூன்றாம் தரம் எடுக்காமல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியிடம் காசு கட்டிக்கொண்டு புறப்பட்டாய்.

பிளோய் போனில் காத்திருந்தாள். "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றேன். ஒரு கிழமையாக யோசிக்கிறேன். உன் சிநேகிதர்களில் மிஞ்சி இருக்கிற இரண்டு பேரையும் போனில் எடுத்துக் கேட்டுவிட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. நீ என்ன படிக்க விரும்பினாய், வசந்தா?

ஐப்பசியில் அவளுக்கு விடுமுறை. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போய் அவளுக்கு முன்னால் இருந்து உண்மையைச் சொல்லுவேன். பிள்ளை, உன் அப்பாவின் விருப்பம் எனக்குத் தெரியாது, நான் அவனிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நானும் பேசாமல் இருப்பேன். அவளாக வாய் திறக்கும்வரை என் வாயிலிருந்து ஒரு பாடத்தின் பெயரும் வராது. உன்மேல் சத்தியம்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காத
உன் அண்ணை